பாரிஸ்ல தமிழுக்கு மூணு வாசல்

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.]

காட்டாங்குளத்தூர்லருந்து பேசறேன். நடுவுல தடதடன்னு ஒரு சத்தம் வந்தா, அது செங்கல்பட்டு போற மின்சார ரயில். எடிட்ல எவ்வளவு எடுத்தாலும் மிச்சம் இருக்கும். பொறுத்துக்கோங்க.

அடுத்து என்ன பேசலாம்னு கேட்டப்போ, பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "பாரிஸ்ல நாலு நாள் கிடைச்சா என்ன பார்க்கலாம்?" கேட்டவங்கள்ல சில பேர் பொத்தேரி பக்கம் படிக்கறவங்க, மாஸ்டர்ஸுக்கு யூரோப் போறவங்க. சில பேர் மஹிந்திரா சிட்டில வேலை, ஆன்சைட் போகப் போறீங்க. வார இறுதில ஒரு எட்டு பாரிஸ் போயிட்டு வந்துடலாம்னு பிளான்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். எங்க லைன்ல "பாரிஸ் போறேன்"னா பீச் ட்ரெயின் ஏறறேன்னு அர்த்தம். பாரிமுனை. 1788ல மெட்ராஸ்ல வியாபாரம் ஆரம்பிச்ச தாமஸ் பாரிங்கற வேல்ஸ்காரர் பேரால வந்த இடம். நான் இன்னிக்குப் பேசப் போறது சீன் நதிக்கரைல இருக்கற பாரிஸ். ரெண்டு பாரிஸ்லயும் தமிழ்ல பேரம் பேசலாம். ஒத்துமை அவ்வளவுதான்.

நான் அங்க ஆறு நாள் இருந்தேன். ஈஃபிள் டவர் எந்தப் பக்கம் நின்னா நல்லா விழும்ங்கறதுக்கு ஆயிரம் ரீல்ஸ் இருக்கு, அதுக்கு நான் தேவையில்லை. ஆனா அந்த ஊரை நீங்க தமிழ் தெரிஞ்ச ஒருத்தரா சுத்திப் பார்த்தா, வேற ஒரு கேள்வி தானா வந்து நிக்கும். இந்த ஊர் யாரை உள்ள விட்டுச்சு? எந்த வாசல் வழியா விட்டுச்சு? ஒரு பழைய தலைநகரத்தைப் புரிஞ்சுக்க இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியலை. பாரிஸ்ல தமிழ் பேசறவங்களுக்கு மட்டும் மூணு வாசல் இருக்கு. மூணையும் மெட்ரோவுல போயே பார்த்துடலாம்.

லிஸ்ட்ல இருக்கறதை முடிச்சுடுவோம்

எல்லாரும் பார்க்கறதை நீங்களும் பாருங்க, அதுல வெட்கம் ஒண்ணும் இல்ல. நோத்ர தாம் தேவாலயம் 1163ல கட்ட ஆரம்பிச்சது. 2019 ஏப்ரல் 15 அன்னிக்குத் தீப்பிடிச்சு கூரையும் கூர்கோபுரமும் விழுந்ததை நம்மள்ல நிறைய பேர் போன்ல லைவ்வா பார்த்திருப்போம். 2024 டிசம்பர்ல திரும்பத் திறந்துட்டாங்க. உள்ள போகக் காசு கிடையாது. ஈஃபிள் டவர் 1889ல ஒரு கண்காட்சிக்காகக் கட்டினது. இப்ப உயரம் 330 மீட்டர். ராத்திரி மணிக்கு ஒரு தடவை மின்னும். அதைக் கீழ நின்னு பார்க்கறதுக்கும் காசு இல்ல.

லூவ்ர் மியூசியத்துக்குக் காசு உண்டு. அங்கதான் நம்ம கதை ஆரம்பிக்குது. 2026 ஜனவரிலருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு டிக்கெட் 32 யூரோ. அந்தப் பகுதிக்காரங்களுக்கு 22. அதே மோனலிசா, அதே கூட்டம், ஆனா கையில இருக்கற காகிதத்தைப் பொறுத்து விலை. நம்ம மகாபலிபுரத்துலயும் வெளிநாட்டுக்காரங்களுக்குத் தனி டிக்கெட் இருக்கே, அதனால ரொம்பக் கோபப்படவும் முடியாது. பாரிஸ்ல காகிதம்தான் பேசும்ங்கறதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. செவ்வாய்க்கிழமை லூவ்ர் லீவு. அதையும் வச்சுக்கோங்க.

முதல் வாசல்: ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பேரு

ஈஃபிள் டவருக்கு ஆறாம் நம்பர் மெட்ரோவுல போனா எல்லாரும் இறங்கறது பீர் ஹக்கீம் ஸ்டேஷன். நீங்க அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல இறங்குங்க. ரயில் அங்க தரைக்கு மேல பாலத்துலதான் ஓடும், வேளச்சேரி பறக்கும் ரயில் மாதிரி. ஸ்டேஷன் பேரு டூப்ளே. ஆமா, ஸ்கூல்ல சோஷியல் புத்தகத்துல படிச்ச அதே டூப்ளே. 1742லருந்து 1754 வரைக்கும் புதுச்சேரில பிரெஞ்சு கவர்னர்.

1746ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சாங்க. 1749 வரைக்கும் ஜார்ஜ் கோட்டைல பறந்தது பிரெஞ்சுக் கொடி. அந்த டூப்ளேவுக்குத் தலைமை துபாஷா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நம்ம பெரம்பூர்ல பிறந்தவர். அவர் தமிழ்ல எழுதி வச்ச நாட்குறிப்புதான் அந்தக் காலத்து அரசியலைப் பத்தி நமக்குக் கிடைச்சிருக்கற பெரிய ஆதாரங்கள்ல ஒண்ணு. ஈஃபிள் டவரைப் பார்க்கப் போற டூரிஸ்ட் கூட்டத்துல, அந்த ஸ்டேஷன் போர்டைப் பார்த்ததும் பெரம்பூரை நினைக்கக் கூடியவங்க நீங்களும் நானும்தான்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்னிக்கு நடைமுறையில இந்தியா கைக்கு வந்துடுச்சு. சட்டப்படி வந்தது 1962 ஆகஸ்ட் 16. அந்த ஒப்பந்தத்துல ஒரு பிரிவு. பிரெஞ்சுப் பகுதிகள்ல பிறந்தவங்க, ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தா, பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கலாம். ஆயிரக்கணக்கான பேர் எழுதிக் கொடுத்தாங்க. பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்த குடும்பங்கள் அதுல நிறைய. பாண்டில அவங்களை இன்னிக்கும் "சொல்தா"ன்னுதான் சொல்வாங்க, பிரெஞ்சு வார்த்தை அப்படியே தமிழாயிடுச்சு. எழும்பூர்லருந்து புதுச்சேரி போற ரயில் எங்க காட்டாங்குளத்தூர் வழியாத்தான் போகுது. அந்த ரயில்ல பிரெஞ்சு பாஸ்போர்ட்டோட ஒரு தமிழ்த் தாத்தா உக்காந்திருக்கறது ரொம்ப சாதாரணமான விஷயம்.

இதுதான் முதல் வாசல். அரசாங்கங்கள் போட்ட கையெழுத்தால திறந்தது. அந்த ஆறு மாசத்துல எழுதிக் கொடுத்த வீட்டுப் பேரப்பசங்க லூவ்ர்ல 22 யூரோ வரிசைல நிப்பாங்க. எழுதிக் கொடுக்காத பக்கத்து வீட்டுப் பேரப்பசங்க நம்மளோட 32 யூரோ வரிசைல.

ரெண்டாவது வாசல்: லா ஷப்பேல்

டூப்ளே ஸ்டேஷன்லருந்து அதே ஆறாம் நம்பர் ரயில் ஏறி எதுவால் போங்க. வழில சீன் நதியைப் பாலத்து மேல கடப்பீங்க, ஜன்னல்ல ஈஃபிள் டவர் தெரியும், பத்து பைசா எக்ஸ்ட்ரா கிடையாது. எதுவால்ல ரெண்டாம் நம்பருக்கு மாறுங்க. கடைசில ரயில் திரும்பவும் தரைக்கு மேல ஏறும். கீழ கார் து நோர் ஸ்டேஷனோட தண்டவாளங்கள் விரிஞ்சு கிடக்கும். அடுத்து லா ஷப்பேல். இறங்குங்க.

1860 வரைக்கும் இது பாரிஸுக்கு வெளிய இருந்த ஒரு கிராமம். நகரம் வளர்ந்து அதை விழுங்கிடுச்சு. வண்டலூர், கூடுவாஞ்சேரியெல்லாம் இப்ப ஆயிட்டு இருக்கற மாதிரி. பெரிய ரயில் நிலையம் பக்கத்துல இருந்ததால, வெளியிலருந்து வர்றவங்க முதல்ல கால் வைக்கற இடமாவும் ஆச்சு. ஒரு ஸ்டேஷன் முன்னாடி இருக்கற பார்பெஸ்ல வட ஆப்பிரிக்கர்களும் மேற்கு ஆப்பிரிக்கர்களும். லா ஷப்பேல்ல 1980கள்லருந்து ஈழத் தமிழர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் வந்தவங்கதான் இந்தத் தெருக்களுக்குத் தமிழ் போர்டு மாட்டினாங்க.

ஃபோபூர் சாந் தெனி தெருவுல நடந்தா மளிகைக் கடை, நகைக்கடை, சேலைக்கடை, சலூன், கொத்து ரொட்டி தட்டற சத்தம். முருங்கைக்காய், கறிவேப்பிலை, பனங்கிழங்கு. ஃபோட்டோ எடுக்கக் கை பரபரக்கும். கடையை எடுங்க, பரவாயில்ல. ஆளுங்க முகத்தை எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. அங்க நிக்கற சில பேருக்கு அகதி கேஸ் இன்னும் முடிஞ்சிருக்காது. சில பேருக்கு நிராகரிச்சே இருக்கும். நமக்கு அது ஒரு ஸ்டோரி, அவங்களுக்கு அது வேற மாதிரி முடியலாம்.

கொஞ்சம் நடந்தா பஜோல் தெருவுல மாணிக்க விநாயகர் ஆலயம். 1985ல ஆரம்பிச்ச கோயில். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆரம்பத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் வரும். தெருவுல தேங்காயைக் குவிச்சு வச்சு உடைப்பாங்க. பிரெஞ்சுக்காரங்க குழந்தையைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு வேடிக்கை பார்ப்பாங்க. உங்க பயணத் தேதி உங்க கையில இருந்தா, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கோங்க.

இன்னொரு விஷயம். பாரிஸ் நகராட்சி வருஷா வருஷம் சிறந்த பகெத் ரொட்டிக்கு ஒரு போட்டி நடத்துது. ஜெயிச்சவங்க ஒரு வருஷம் அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கணும். 2023ல ஜெயிச்சது தர்ஷன் செல்வராஜா, இலங்கைலருந்து 2006ல போனவர். அவரோட கடை இருபதாவது வட்டாரத்துல இருக்கு. இது ஒரு ஆளோட வெற்றிக் கதை மட்டும் இல்லைங்கறது கொஞ்ச நாள்லயே புரிஞ்சிடும். பாரிஸ் ரெஸ்டாரண்ட் கிச்சன் கதவு திறக்கும்போது உள்ள எட்டிப் பாருங்க. பாத்திரம் கழுவற இடத்துல, காய் வெட்டற இடத்துல நிறைய தடவை தமிழ் கேட்கும். அந்த ஊரோட புகழ்பெற்ற சாப்பாட்டுக்குப் பின்னாடி நாப்பது வருஷத் தமிழ் உழைப்பு இருக்கு. எந்த டூரிஸ்ட் மேப்லயும் அதைக் குறிக்கலை.

ஒரே வயசு, ரெண்டு பசங்க

லா ஷப்பேல்ல ஒரு டீக்கடை. பக்கத்து மேசைல இருந்த ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டுட்டு, "எங்கயிருந்து வாறீங்கள் பிள்ளை?"ன்னார். "சென்னைக்குப் பக்கத்துல ஐயா, தாம்பரம் தாண்டி"ன்னேன். அவர் சிரிச்சிட்டு, "எனக்கு தாம்பரமும் தெரியும், கும்மிடிப்பூண்டியும் தெரியும். ரெண்டு வருசம் முகாமில இருந்தனான்"ன்னார்.

அப்புறம் மெதுவா சொன்னார். ஏஜென்ட்டுக்குக் காசு கட்டி அவர் மட்டும் பாரிஸ் வந்தார். தங்கச்சிக்குக் கட்டக் காசு இல்ல. "அவ இப்பவும் அங்கதான். என்ர மகனுக்கும் அவவின்ர மகனுக்கும் ஒரே வயசு. என்ர மகன் பிரெஞ்சுக்காரன். அவன் இன்னும் அகதி. இத்தனைக்கும் அவன் பிறந்ததே தமிழ்நாட்டிலதான்."

என்கிட்ட பதில் இல்ல. டீயைக் குடிச்சோம். காசு அவரே கொடுத்துட்டார்.

ரூமுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன், ஏன்னா நான் படிச்ச எந்தப் பாடப் புத்தகத்துலயும் இது இல்ல.

பிரான்ஸ் 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கைல இருக்கற நாடு. அகதி கேஸைக் கேட்க அங்க தனி அலுவலகம் இருக்கு. நிராகரிச்சா மேல்முறையீடு இருக்கு. ஏத்துக்கிட்டா வேலை செய்யலாம், அப்புறம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்க பிறந்த குழந்தை, 11 வயசுக்கு அப்புறம் மொத்தமா 5 வருஷம் அங்கயே வாழ்ந்திருந்தா, 18 வயசுல பிரெஞ்சுக் குடிமகன். இதெல்லாம் பூப்பாதைன்னு நினைச்சுடாதீங்க. வருஷக்கணக்கா காகிதம் இல்லாம ஒளிஞ்சு வேலை பார்த்தவங்க ஏராளம். ஆனா வாசல்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு விதியும் இருக்கு.

இந்தியா அந்த உடன்படிக்கைல இல்ல. நமக்கு அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது. 1983லருந்து கடல் தாண்டி வந்தவங்களைத் தமிழ்நாடு கைவிடலை, அது உண்மை. முகாம் கொடுத்துச்சு, ரேஷன், உதவித்தொகை, பசங்களுக்குப் படிப்பு கொடுத்துச்சு. 2021ல முகாம்களோட பேரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னும் மாத்தினாங்க. இன்னிக்கும் நூத்துக்கும் மேற்பட்ட முகாம்கள்ல 50,000 பேருக்கு மேல இருக்காங்க. குடியுரிமை மட்டும் இல்ல.

ஏன்? தேதியைக் கவனிங்க. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பிறந்திருந்தா, பிறந்ததே போதும், நீங்க இந்தியர். அந்தத் தேதிக்கு அப்புறம்னா, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். முகாம்ல ரெண்டு பேருமே அகதிகளா இருந்தா? குழந்தைக்கு எதுவும் இல்ல. 1986ல மண்டபத்துல பிறந்த ஒரு பெண், திருச்சி முகாம்ல இருந்தவங்க, கோர்ட்டுக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினாங்க. 2024 தேர்தல்ல 38 வயசுல முதல் ஓட்டு போட்டாங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தா அந்த வழியும் இல்ல. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணும் இருக்கு, இலங்கை இல்ல. 2025 செப்டம்பர்ல வந்த மத்திய அரசு உத்தரவு, 2015 ஜனவரி 9க்குள்ள வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததுக்காகத் தண்டனை கிடையாதுன்னு சொல்லுது. அது ஒரு நிம்மதி. ஆனா குடியுரிமையைப் பத்தி அதுல பேச்சு இல்ல.

கும்மிடிப்பூண்டி எங்க இருக்கு? காட்டாங்குளத்தூர்லருந்து பீச் வரைக்கும் ஒரு மின்சார ரயில், அங்கருந்து இன்னொண்ணு. கிட்டத்தட்ட மூணு மணி நேரம். அங்க போய் முகாமைச் சுத்திப் பாருங்கன்னு சொல்லலை. அது மனுஷங்க வாழற இடம், அனுமதி இல்லாம போகவும் முடியாது. ஆனா பாரிஸ்ல "குட்டி யாழ்ப்பாணம்"னு ரீல் போடற நாம, நம்ம ரயில் லைனோட மறு முனைல இருக்கறவங்க யாருன்னு தெரிஞ்சுக்கறதுக்கு விசா ஒண்ணும் தேவையில்லையே.

மூணாவது வாசல்: நம்மளோடது

மூணாவது வாசல் எதுன்னு கேட்டா, ஸ்டிக்கர். ஷெங்கன் விசா. எந்த 180 நாள் கணக்குலயும் 90 நாளுக்கு மேல தங்க முடியாது. 2024 ஜூன்லருந்து கட்டணம் 90 யூரோ, நிராகரிச்சாலும் திரும்ப வராது. பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ரசீது, ஹோட்டல் புக்கிங், குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ். எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி: "திரும்பி வந்துடுவியா?" நம்மளோட ஒவ்வொரு காகிதமும் அந்தக் கேள்விக்கான பதில்தான். நமக்குத் திரும்பி வர ஒரு வீடு இருக்குன்னு நிரூபிச்சா உள்ள விடுவாங்க. ரெண்டாவது வாசல்ல வந்தவங்க நிரூபிக்க வேண்டியது இதுக்கு நேர் தலைகீழ். திரும்பிப் போக முடியாதுன்னு அவங்க நிரூபிக்கணும்.

ஒரே மொழி, ஒரே கறிவேப்பிலைக் கட்டு. கடைல பக்கத்துல பக்கத்துல நிக்கறோம். ஒருத்தர் கையில 1962 கையெழுத்து, ஒருத்தர் கையில அகதி அந்தஸ்து, ஒருத்தர் கையில பதினஞ்சு நாள் ஸ்டிக்கர். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடக்கறதுக்கும், தெரியாம நடக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சரி, நாலு நாள் பிளான்

பிளான் கேட்டீங்க, கொடுக்காம விட மாட்டேன்.

முதல் நாள்: நோத்ர தாம், ஆத்தங்கரை நடை, சாயங்காலம் ஈஃபிள் டவர். பக்கத்துல டூப்ளே ஸ்டேஷன் போர்டு.

ரெண்டாம் நாள்: லூவ்ர். கூட்டமும் விலையும் வேண்டாம்னா கிமே மியூசியம் போங்க, ஆசியக் கலைக்கானது, இயேனா ஸ்டேஷன். அங்க சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கு, நடராஜரும் இருக்கார். அங்க அவரைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோணுதுன்னு எனக்கு எழுதுங்க. இதுவும் செவ்வாய் லீவு.

மூணாம் நாள்: ரெண்டாம் நம்பர் மெட்ரோ. ஆன்வேர்ல இறங்கி சாக்ரே கேர் தேவாலயம், பார்பெஸ் தெருச் சந்தை, மதியச் சாப்பாடு லா ஷப்பேல். மூணும் அடுத்தடுத்த ஸ்டேஷன். சாப்பிட்டுட்டு பேசுங்க. "எவ்வளவு சம்பாதிக்கறீங்க, எப்படி வந்தீங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க. அவங்களே கேட்பாங்க, எங்கயிருந்து வாறீங்கள்னு. அங்கருந்து பேச்சு தானா போகும்.

நாலாம் நாள்: போர்த் தொரே. எட்டாம் நம்பர் மெட்ரோ. 1931ல பிரெஞ்சுக் காலனிகளைப் பெருமையாக் காட்ட நடத்தின கண்காட்சிக்காக அங்க ஒரு மாளிகை கட்டினாங்க. அதே மாளிகைலதான் 2007லருந்து குடியேற்ற வரலாற்று மியூசியம் இருக்கு. வெளிச் சுவர் முழுக்க காலனி நாட்டு மக்கள் உழைக்கற சிற்பங்கள். உள்ள போனா அந்த நாடுகள்லருந்து பிரான்ஸுக்கு வந்து குடியேறினவங்களோட பெட்டி, கடிதம், ஃபோட்டோ. ஒரு ஊர் தன் வாசலைப் பத்தித் தானே வச்சிருக்கற மியூசியம். நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு வந்தா அதுல மண்டபம், கும்மிடிப்பூண்டி, பர்மா பஜார் எல்லாத்துக்கும் ஒரு அறை வேணும்.

அந்தப் பெரியவர் கிளம்பும்போது ஒண்ணு கேட்டார். "ஊருக்குப் போனா அந்தச் சட்டம் மாறுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ பிள்ளை." எனக்கு ஓட்டு இருக்கு, உங்களுக்கும் இருக்கும். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு யாராவது உங்க தெருவுக்கு வந்தா, ரோடு, தண்ணியோட சேர்த்து இதையும் ஒரு கேள்வியா கேளுங்க. நானும் கேட்கறேன்.

பாரிஸ் போயிட்டு வந்தவங்க, போகப் போறவங்க, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.